டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்

முன்னுரை

மதுரை மாநகரினின்று மேலூர் நோக்கிச் செல்வோர், பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்களிலே பெண்டிர் வரிசையாகக் குனிந்து நின்று களை பறிக்கும் காட்சியைக் கண்டிருப்பர். பயிருக்குப் பாய்ந்த நீரையே பருகி, பயிருக்கு இட்ட எருவையே உண்டு, பயிரைப் போன்றே பசுமை காட்டி நிற்கும் புல்லை, பயிரின் வேர் அசையாவண்ணம் பிடுங்குதல் எளிய செயலன்று. களையைப் பறிக்கப்போய்க் கோதுமையையும் பறித்துவிடலாகாது என்று தன் வேலைக்காரரைத் தடுத்த வீட்டெஜமானின் உவமையை நம் ஆண்டவர் அருளியதும் இவ்வருமை கருதியேயாம்.

புற்றுநோயும் இத்தகையதொரு களையே. அது பெரும்பாலான காய்ச்சல்களைப் போலப் புறத்தினின்று புகுந்த பகையன்று. நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களாலாயது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிந்து, அவ்விரண்டும் நான்காகப் பெருகுதலாலேயே குழந்தை வளர்கின்றது, புண் ஆறுகின்றது, புதிய இரத்தம் ஊறுகின்றது. வேண்டுமளவு பெருகியபின் நின்றுவிடுதல் நல்லுயிரணுவின் இயல்பு. நிற்றலை மறந்த உயிரணுவின் ஓயாப் பெருக்கமே புற்றுநோயாம். நெடுங்காலம் இதற்குக் கத்தியும் கதிருமே மருந்தாயிருந்தன. ஓரிடத்தில் நிற்கும் கட்டியை அறுத்தெறியலாம். இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் ஓடும் வெள்ளணுப் புற்றுநோயை எக்கத்தி கொண்டு அறுப்பது? உயிரணு இரண்டாகப் பிரியும் அச்செயலையே மருந்தினால் தடுத்து நோயை அடக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவருள் முதல் வரிசையில் நிற்பவர் ஒருவர், நம் சென்னை மாநகரிலே பயின்றவர். அவரே டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவர்தம் வரலாற்றை ஈண்டு நாம் சுருக்கி உரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் அரசாங்கத்திற் சிறு உத்தியோகம் வகித்தவர். நோயினால் அதனை இடையில் விட நேர்ந்தமையின் குடும்பம் வறுமையுற்றது. பதின்மூன்று வயதளவில் சுப்பாராவ் காசி யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டக் கருதி வீட்டைவிட்டு ஓடினார் என்பர். தாயார் அவரை மீட்டுக் கொணர்ந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். தம் நகைகளை விற்றும் மகனைப் படிக்க வைத்தவர் அவ்வன்னையார்.

அங்ஙனம் படித்த மகனோ மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருமுறை தவறினார், மறுமுறையும் தவறினார், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியினின்று மூன்றாம் முறை எழுதியே தேறினார். தேர்வுப் பட்டியலில் தம் எண் காணப்படாத நாளிலே உலகமே இருண்டதென்று மனமுடையும் நம் தோழர்கள் இச்செய்தியை மறவாதிருத்தல் நலம்.

பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்றார். அப்பொழுது அவர்தம் உள்ளம் துறவில் நாட்டங்கொண்டது. இராமகிருஷ்ண மடத்திற் சேர விழைந்தார், தாயார் இசைந்திலர். மருத்துவம் கற்றுத் தொண்டு செய்யலாமே என்று மடத்தார் அறிவுறுத்த, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார். சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனார் அவருக்குப் பொருளுதவி புரிந்தார்.

மருத்துவக் கல்வி

காந்தியடிகள் கதர் உடுக்குமாறு நாட்டை அழைத்த காலம் அது. சுப்பாராவும் அறுவை மருத்துவ வகுப்பில் அணியும் மேலாடையைக் கதரிலேயே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் இதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளிற் சிறந்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. சென்னை மருத்துவச் சேவையில் இடம்பெற முயன்றதும் பயனற்றுப் போயிற்று. ஒரு முழத் துணிக்காக வாழ்நாள் உத்தியோகத்தை இழந்தாரே என்று இரங்குவாரும் உளர். அவ்வுத்தியோகம் அன்று கிடைத்திருப்பின் அவர் கடல் கடந்திரார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டு மரணங்கள்

அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி இனி வருவது. வெப்ப நாடுகளில் அந்நாளிற் பரவியிருந்த குடல்நோய் ஒன்றுண்டு. ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது, வாயும் நாவும் புண்ணாகும், கழிச்சல் ஓயாது, இரத்தம் குன்றி உடல் வற்றி நோயாளி மாள்வார். இக்கொடிய நோய்க்குச் சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் எல்லைக்குள் ஒருவர்பின் ஒருவராக இரையாயினர். மருத்துவம் கற்ற சகோதரர் ஒருவர் இருந்தும் செய்யத்தக்கது ஒன்றுமிலது. ஏனெனில் அந்நோயின் காரணம் அன்று எவரும் அறியார்.

அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். அந்நன்றி மறவாது, லட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று ஆசிரியராக அமர்ந்து, அம்மருந்துகளை ஆராயவும் தலைப்பட்டார். ஆயினும், நோய்களின் மூலத்தைக் காணும் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவே ஏற்ற இடம் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றிற்று. மாமனார் திரட்டிய பொருளும், காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்தின் உதவியும் துணையாக, இளமனைவியைத் தாய்நாட்டில் விட்டுவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரம் சேர்ந்தார்.

அயல்நாட்டு உழைப்பு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். எல்.எம்.எஸ். சான்று கொண்டு அந்நாட்டில் மருத்துவம் புரிதல் இயலாமையின், வயிற்றுப்பாட்டிற்கு ஒரு மருத்துவமனையில் இரவு வேலையாளாக அமர்ந்து நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலிற் கல்வி, இரவில் இவ்வூழியம். எத்தொழிலையும் இழிவென்று கருதாத உள்ளம் அவருக்கு இயல்பாய் அமைந்திருந்தது.

பின்னர் உயிர்வேதியியற் பகுதியிலே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து ஆராயலானார். இரத்தத்திலும் தசையிலுமுள்ள பாஸ்பரஸை அளக்கும் எளிய முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். இன்றும் உயிர்வேதியியல் மாணவர் ஆய்வுக்கூடத்தில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பயில்வது இதுவே. 1927இல் தசைக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் உயிரணுவின் ஆற்றலுக்கெல்லாம் கைமாறு நாணயம் போன்ற ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே கண்டார். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். இத்துணை செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. 1940இல் அவர் அதனை நீங்கி, நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்தாய்வுக் கூடத்திற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

இலையிற் பிறந்த சத்து

இவ்விடத்தே பம்பாயில் நிகழ்ந்ததொரு செய்தியைக் கூறுதல் வேண்டும். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் அந்நகர் வந்து, நெசவாலையில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தம் குன்றி வாடுதலை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாற்றினால் அந்நோய் தீர்தலைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலுள்ள சத்து யாது என்பது புலனாகவில்லை. 1941இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக்கீரையினின்று ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லினின்று அதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் அமைந்தது.

மலைபோற் குவித்த கீரையினின்று துளியளவே கிடைக்கும் பொருள் நோயாளிகட்கு எங்ஙனம் பயன்படும்? அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கும் வழி காணல் வேண்டும். அவ்வருஞ்செயலைச் சுப்பாராவின் தலைமையில் உழைத்த வேதியியலார் 1945இல் முடித்தனர். அம்மருந்தை உட்கொண்ட ஸ்ப்ரூ நோயாளிகள் விரைவில் தேறினர். நாவின் புண் ஆறிற்று. புது இரத்தம் ஊறிற்று.

அவர்தம் ஆய்வுக்கூடத்திலேயே பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவர அறிஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரினின்று ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். அது 1948இல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் அதுவே முதலாவது. இன்றைய மருத்துவ நூல்கள் ஸ்ப்ரூ நோய்க்கு விதிக்கும் சிகிச்சை யாதெனின், ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமேயாம். உடன்பிறந்தார் இருவரையும் காத்திருக்கக்கூடிய இரண்டு மருந்துகளும், அவர்கள் மாண்டு ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழிந்தபின், சகோதரரின் மேற்பார்வையிலிருந்த ஒரே கூடத்தினின்று வெளிவந்தன. இதனை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் கனிகின்றது.

பொய்த் திறவுகோல்

ஃபோலிக் அமிலம் இரத்தத்தை வளர்க்கும் சத்தாதலின், அதன் இனப்பொருள்கள் புற்றுநோய்க்கும் உதவுமோ என்று சிலர் ஐயுற்றனர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் அறிஞராயிருந்த சிட்னி ஃபார்பர், சுப்பாராவ் அனுப்பிய அப்பொருள்களை வெள்ளணுப் புற்றுநோயுற்ற குழந்தைகட்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மேலும் விரைந்து முற்றியது எனவே அவருக்குத் தோன்றிற்று. பயிருக்கென்று இட்ட எருவைக் களை உண்டு கொழுத்ததை ஒக்கும் இது. துயர் மிக்க இத்தோல்வியிலேயே வழியும் பிறந்தது. இச்சத்து நோயணுவை வளர்க்குமாயின், இச்சத்தைத் தடுத்தல் நோயணுவை வாட்டுமன்றோ?

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுச் சுவடியைப் படியெடுத்தல் வேண்டும். தாய்ச்சுவடி ஒன்றிருக்க, மகளணு இரண்டிற்கும் இரண்டு சுவடிகள் வேண்டுமன்றோ? அச்சுவடியின் எழுத்துகளை ஆக்குதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அவ்வமிலத்தைப் பயன்படு நிலைக்கு மாற்றித் தரும் நொதி ஒன்று உயிரணுவில் உண்டு. நொதியைத் திண்டுக்கற் பூட்டென்றும், அமிலத்தை அதற்குரிய திறவுகோல் என்றும் கொள்வோமாக. திறவுகோலைப் போன்றே வார்த்து, ஒரு பல்லை மட்டும் மாற்றிய பொய்த் திறவுகோலைப் பூட்டினுள் நுழைத்தால், அது திரும்பாது. எளிதில் வெளிவரவும் மாட்டாது. மெய்த் திறவுகோலுக்கும் இடமில்லாது போகும். சுவடி படியாது; உயிரணுவும் பிரியாது.

சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின் இத்தகைய பொய்த் திறவுகோல். ஃபோலிக் அமிலத்தில் ஓரிடத்தே ஆக்சிஜன் கொண்ட சிறு தொகுதியை நீக்கி, நைட்ரஜன் கொண்ட அமினோத் தொகுதியை அமைத்ததே வேறுபாடு. நிலம் என்பது நிலன் என நிற்பினும் பொருள் வேறுபடாமையின் அதனைப் போலி என்பர் நம் இலக்கண நூலார். இவ்வேதியியற் போலியிலோ, ஓரிடம் மாறியதும் உயிர் வளர்க்கும் பொருள் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளாயிற்று.

குழந்தைகள் பெற்ற தணிவு

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகட்குக் கொடுக்கலானார். 1948 ஜூன் மாதம் வெளிவந்த கட்டுரையில், மருந்துண்ட 16 குழந்தைகளுள் 10 குழந்தைகட்கு நோய் தணிந்தது என்று அவரும் துணைவரும் அறிவித்தனர். வீங்கிய மண்ணீரல் சுருங்கிற்று, இரத்தம் சீருற்றது, படுக்கையிற் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். எனினும் அத்தணிவு நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் மீண்டது. ஃபார்பரும் அதனை மறையாது, தற்காலிகத் தணிவு என்றே கட்டுரையின் தலைப்பில் பொறித்தார். அக்கட்டுரையை எழுதியோர் வரிசையிற் சுப்பாராவின் பெயர் இல்லை.

இம்மருந்தின் குறையையும் கூறாது விடுதல் முறையன்று. பொய்த் திறவுகோல் களையின் வீட்டையும் பயிரின் வீட்டையும் பகுத்தறியாது. விரைந்து பிரியும் உயிரணு எதுவாயினும் தடுக்கும். எலும்பு மஞ்சையும், வாயின் உட்தோலும், குடலும், மயிர்க்காலும் இயல்பாகவே விரைந்து பெருகுவன. ஆதலின் மருந்துண்டார்க்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் இரத்தக் குறைவும் வரும். சிலருக்கு மயிரும் உதிரும். தம் உடன்பிறந்தாரிடத்தே கண்ட துன்பங்களுட் சில, தாம் ஆக்கிய மருந்தினாலேயே பிறர்க்கு உண்டாதலைச் சுப்பாராவ் அறிந்தேயிருப்பர். அளவும் இடைவெளியும் அறிந்து கொடுத்தலே இவ்வைத்தியத்தின் நுட்பம். நல்லுயிரணு மீண்டெழுதற்கு இடைவேளை நல்குவது அதன் அறம்.

மறைவு

அக்கட்டுரை வெளிவந்து இரு திங்களே கழிந்த நிலையில், 1948 ஆகஸ்டு மாதம், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 53. பிறந்த நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. அவர் திரும்பி வந்து அதனைக் காணவில்லை. காத்திருந்த மனைவியாரையும் அவர் மீண்டும் கண்டிலர். பெரியோர் வரலாறு எழுதுவோர் இதனை விரைந்து கடந்து போதல் வழக்கம். உலகத்துக் குழந்தைகள் பெற்ற நலத்திற்கு ஓர் இல்லம் கொடுத்த விலை இது என்று நாம் எழுதிவைத்தலே நேர்மையாகும்.

பின் விளைந்தவை

அமினோப்டெரினுக்குச் சற்றே வேறாக அதே கூடத்தில் ஆக்கப்பட்ட மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. 1956இல் நச்சுக்கொடியினின்று தோன்றிப் பரவும் ஒருவகைப் புற்றுநோய் இம்மருந்தினால் அடங்கியதை அமெரிக்காவில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்போர் வெளியிட்டனர். பரவிய கட்டிநோய் ஒன்று மருந்தினாலேயே முற்றும் தீர்ந்தமைக்கு அது முதற் சான்றாயிற்று.

நம் பாண்டி நாட்டுக் கரிசற் காடுகளிலும் செம்மண் மேடுகளிலும் மழையின்றியும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை நாம் அனைவரும் அறிவோம். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அச்செடியைச் சுடுகாட்டு மல்லி என்றும் மக்கள் வழங்குவர். அதன் இலையினின்று பெறும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும் உயிரணுப் பிரிவையே தடுப்பது. ஆனால் வேறொரு படியிலே. படியெடுத்த சுவடிகளை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நுண்ணிய இழைகளை அது உருவாக வொட்டாது. மெத்தோட்ரெக்சேட்டிற்குத் தப்பிய அணு இதற்கு அகப்படும். ஹார்வர்டில் சுப்பாராவ் உழைத்த கூடத்திலேயே பயின்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், தம் துணைவர் ஜெர்ட்ரூட் எலியனுடன் ஆக்கிய மெர்காப்டோபியூரின் மூன்றாவது. இம்மூன்றனோடு பிரெட்னிசோன் என்னும் மருந்தையும் சேர்த்து நான்கையும் ஒருங்கே கொடுக்கும் முறை 1960களில் தோன்றியது. ஒரு வாயிலை அடைத்தால் மறு வாயிலால் ஓடும் கள்வனை நால்வர் சூழ்ந்து பிடித்தலை ஒக்கும் இம்முறையினால், தணிவு என்பது பலருக்குக் குணமாக மாறியது. அன்று சில வாரங்களில் மாண்ட அந்நோயுற்ற குழந்தைகளுள், செல்வ நாடுகளில் இன்று பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர். நம் நாட்டில் நோயைக் காலந்தாழ்த்துக் காண்பதாலும், சிகிச்சையை இடையில் விடுவதாலும் இன்னும் பலரை இழக்கின்றோம்.

முடிவுரை

யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடுதோறும் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவின் கூடத்திலேயே பிறந்தது. ஒரு பூஞ்சைக்கு அறிஞர் அவர் பெயரைச் சூட்டினர். 1995இல் இந்திய அரசாங்கம் அவர் நூற்றாண்டை முன்னிட்டு அஞ்சல் தலை வெளியிட்டது. எனினும் அவர் பெயரை அறிந்தார் நம்மிற் சிலரே.

மதுரைப் பெரியாஸ்பத்திரியின் வாயிலிலே, உசிலம்பட்டியினின்றும் திருமங்கலத்தினின்றும் முதற் பேருந்தில் வந்து, மயிர் உதிர்ந்த தலைக்குத் துணி கட்டிய குழந்தையை மடியிலிருத்திக் காத்திருக்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கின்றோம். அக்குழந்தையின் தலையைக் கண்டு அருவருத்து விலகுவாரும் உளர். அது தொற்று நோயன்று என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் கற்றவராகிய நம் கடன். மயிர் உதிர்தல் மருந்தின் விளைவேயாம் என்றும், இடையில் நிறுத்தாது இறுதிவரை கொடுத்தல் வேண்டுமென்றும் அத்தாய்க்கு ஒரு சொல் கூறுதலும் தொண்டேயாம். மும்முறை தேர்வெழுதி, மலசலப் பாத்திரம் கழுவி, தன் பெயர் இல்லாத கட்டுரைக்காக உழைத்து மறைந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே. அவர் தொடங்கிய பணி நம் நாட்டு ஏழைக் குழந்தைகள் யாவரையும் சென்று சேர எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக.